எண்ணெய் எஞ்சினின் தேய்மானம்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்த உபந்நியாசம்)

 

சங்கங்களின் வருஷாந்தர ஐந்தொகையில் ‘தேய்மானம்’ என்று ஒரு வரி உண்டு. சங்கத்துக்குச் சொந்தமான நீரிறைக்கும் எஞ்சின், டிராக்டர், பவர் டில்லர் முதலியவற்றின் கிரயத்தில் வருஷந்தோறும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கழித்து எழுதுவது வழக்கம். பொதுச் சபையில் அந்த வரியை வாசிக்கும்பொழுது ஆட்சேபணை சொல்பவர் இல்லை. அதன் பொருள் என்னவென்று கேட்பவரும் சிலரே. அது காகிதத்தில் கழியும் தேய்மானம். எஞ்சினுக்குள்ளே மெய்யாகத் தேய்கிற தேய்மானம் வேறொன்று இருக்கிறது. அது ஐந்தொகையின் சதவிகிதத்தைப் பார்த்துத் தேய்வதில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரியாகச் செய்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று பல வருஷம் உழைக்க, மற்றொன்று இரண்டு போகத்துக்குள் நீலப் புகை கக்கி ஓய்ந்துவிடுவதைப் பலரும் கண்டிருக்கலாம். இந்த வித்தியாசம் பெரும்பாலும் உண்டாகிற இடம் மிகவும் சிறியது. பிஸ்டனின் ரிங்குகள் சிலிண்டரின் லைனரோடு உராயும் இடம், அதிலும் விரல் அகலத்துக்கு மேற்படாத அதன் மேல் ஓரமே அது.

மின்சாரம் சென்ற கிராமங்களில் கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. எனினும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வடிகாலிலும் கம்பம் எட்டாத நிலங்களிலும் எண்ணெய் எஞ்சினை நம்பியே பயிர் செய்கிறவர்கள் உண்டு. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடுவது அதே பிஸ்டனாலும் அதே ரிங்கினாலும்தான். ஆகையால் இவ்விஷயம் எஞ்சின் வைத்திருக்கும் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் உரியது.

பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உலோகக் குடுவை. சூட்டினால் விரிவதற்கு இடம் வேண்டுமாகையால் அதைச் சிலிண்டருக்குச் சற்றுச் சிறியதாகவே செய்வார்கள். அந்த இடைவெளியின் வழியாக வெடித்த வாயு கீழே தப்பிப் போகாமல் அடைப்பதற்காக பிஸ்டனின் பக்கத்தில் காடி வெட்டி, அதில் வளையங்களை மாட்டியிருப்பார்கள். இவையே ரிங்குகள். ஆதியில் நீராவி எஞ்சின்களில் ரிங் இல்லை. சணலைத் திரித்து, கொழுப்பில் தோய்த்து, பிஸ்டனைச் சுற்றி அடைத்துவந்தார்கள். சணல் சீக்கிரத்தில் நைந்துபோகும். 1850-களில் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே இன்ஜினீயர், சிலிண்டரின் விட்டத்தைவிடச் சிறிது பெரிதாக ஓர் உலோக வளையம் செய்து, அதை ஓரிடத்தில் வெட்டிவிட்டு, சுருக்கி உள்ளே செலுத்தினார். வெட்டுவாய் உள்ள வளையம் தன் சொந்த வில் பலத்தாலேயே விரிந்து சுவரை ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ரிங்கின் அடிப்படை அதுதான்.

மேல் ரிங்குகளின் வேலை வாயுவை அடைப்பதும், பிஸ்டன் வாங்கிய சூட்டைச் சுவருக்குக் கடத்துவதும். கீழ் ரிங்கின் வேலை சுவரில் தெறித்த மிகையான எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. லைனர் என்பது சிலிண்டருக்குள் செருகிய உறை. அது தேய்ந்தால் உறையை மாத்திரம் மாற்றலாம். முழுச் சிலிண்டரையும் எறிய வேண்டியதில்லை. சாதாரணமாக லைனரை வார்ப்பிரும்பில் செய்வார்கள். வார்ப்பிரும்பில் காரீயம், அதாவது பென்சில் குச்சியில் உள்ள கரி, மெல்லிய செதில்களாகக் கலந்திருக்கிறது. அதுவே ஓரளவு வழுவழுப்புக் கொடுக்கும். அதன் மேல் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் இழைத்திருப்பார்கள். புது லைனரின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அக்கோடுகள் தெரியும். பட்டறையில் சிலர் அவற்றைக் குறையென்று எண்ணி உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிடுகிறார்கள். அக்கோடுகள் எண்ணெய் தங்குவதற்காகவே போட்டவை. கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரில் எண்ணெய் நிற்பதில்லை.

இனி ரிங்கின் உழைப்பைக் கணக்கிடலாம். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் செய்துவந்து, பிற்காலத்தில் ராஜ்கோட்டுப் பட்டறைகள் அதே மாதிரியில் செய்த 6 குதிரைச் சக்தி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மெதுவாக ஓடும் எஞ்சின் என்று பெயர் பெற்றது அது. அதன் சிலிண்டரின் விட்டம் நாலரை அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் ஐந்தரை அங்குலம். சுற்று நிமிஷத்துக்கு 650. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒரு தடவை மேலும் ஒரு தடவை கீழும் போகும். ஆகவே ஒரு மணி நேரத்தில் 78,000 ஓட்டம். தூரத்தைக் கூட்டினால் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நாளைக்கு எட்டு மணி நேரம் நீரிறைத்தால், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் அளவுக்கு ஒவ்வொரு ரிங்கும் சுவரோடு உராய்ந்துகொண்டே ஓடியிருக்கும். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உராய்ந்தால் அரை மணி கூடத் தாங்காது. தாங்குவதற்குக் காரணம் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் ஒன்றே.

அந்தப் படலம் எப்படி நிற்கிறது என்பதை 1883-ஆம் வருஷம் வரைக்கும் யாரும் சரியாக அறியவில்லை. அவ்வருஷம் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர், ரயில் வண்டியின் அச்சைப்போல் ஓர் அச்சைச் சுழற்றி, அதன் மேல் உட்கார்ந்த பித்தளைத் தாங்கியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளையின் வழியே மேலே பொங்கி வழிந்தது. மரக்கட்டையைத் துளையில் அடித்து இறுக்கினார். கட்டையை எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அமுக்கத்தை அளக்கும் கருவியைப் பொருத்தியபொழுது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டிற்று. ஓடுகிற அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்க் குறுகிய இடத்தில் திணிக்கிறது. திணித்த எண்ணெய் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பண்டிதர் எழுதி முடித்தார்.

விவசாயிகளுக்கு இது புதிதன்று. சேறான வயலில் பரம்படிக்கும்பொழுது, பலகையின் மேல் ஆள் ஏறி நின்றாலும் மாடுகள் ஓட்டமாகப் போகும்வரையில் பலகை சேற்றின் மேல் மிதந்து வழுக்கிச் செல்கிறது. வரப்போரம் வந்து மாடுகள் திரும்புவதற்காக நின்றவுடன் பலகை அமிழ்கிறது. அடியில் இருந்த குழம்பு பக்கங்களில் பிதுங்கிவிடுகிறது. மறுபடி இழுக்க மாடுகள் திணறுகின்றன. மிதக்க வைத்தது குழம்பு மாத்திரம் அன்று. வேகமும் சேர்ந்தே மிதக்க வைத்தது.

ரிங்கின் கதியும் இதுவே. சிலிண்டரின் நடுப்பாகத்தில் வேகமாக ஓடும்பொழுது அது எண்ணெயின் மேல் மிதந்தே செல்கிறது. அங்கே படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. இரும்போடு இரும்பு படுவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் பிஸ்டன் நின்று திரும்பியாக வேண்டும். மணிக்கு 78,000 தடவை ரிங் ஒரு கணம் அசைவற்று நிற்கிறது. நின்ற கணத்தில் மிதப்பு இல்லை. கீழ்க்கோடியில் நிற்பதால் பெரிய கெடுதல் இல்லை. அங்கே சூடு குறைவு, எண்ணெயும் தாராளம். மேல்கோடியில் நிற்பதே ஆபத்து. அதே சமயத்தில்தான் டீசல் தீப்பற்றி எரிகிறது. தீயின் சூடு 1,500 டிகிரிக்கு மேற்பட்டது. வாயுவின் அமுக்கம் ரிங்கின் பின்புறமுள்ள காடிக்குள் புகுந்து, அதைச் சுவரோடு அழுத்தி நெரிக்கிறது. எண்ணெயோ அங்கே மிகவும் குறைவு. இருப்பதும் சூட்டினால் நீர்த்துப்போயிருக்கும். வேகம் இல்லாத, பாரமும் சூடும் உச்சத்தில் உள்ள, எண்ணெய் குறைந்த அந்த ஒரே இடத்தில் லைனர் தேய்கிறது.

இதைப் பார்ப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. பழைய எஞ்சினின் தலையைக் கழற்றியபின் லைனரின் மேல் விளிம்பிலிருந்து விரல் நகத்தைக் கீழ்நோக்கி இழுத்தால், ஓரிடத்தில் நகம் ஒரு படியில் இறங்கும். படிக்கு மேலே உள்ள பாகம் ரிங் எட்டாததால் புதிதாகவே இருக்கிறது. படிக்குக் கீழே உள்ளதே மேல் ரிங் நின்று திரும்பும் இடம். தேய்மானத்தின் உண்மையான கணக்கு அந்தப் படியில்தான் எழுதியிருக்கிறது.

நின்ற கணத்தில் மிதப்பு இல்லையாயின் இரும்பு அறவே எரிந்துபோகாதது ஏன் என்று கேட்கலாம். 1920-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்டி என்ற சாஸ்திரி இதை ஆராய்ந்தார். சில எண்ணெய்களில் உள்ள கொழுப்புச் சத்தின் அணுக்கூட்டங்கள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல் நெருங்கி நிற்கின்றன. மிதக்கும் படலம் பிதுங்கிப் போனபின்னும் இந்த மெல்லிய பயிர் இரும்பை இரும்பு தொடாமல் ஒருவாறு காக்கிறது. ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை போட்ட நம் முன்னோர் இதன் காரணத்தை அறியாவிட்டாலும் பலனை நன்றாக அறிந்திருந்தார்கள். மெதுவாகச் சுழலும் வண்டிக் குடத்தில் மிதப்புக்கு இடமில்லை. பற்றி நிற்கும் எண்ணெயே வேண்டும். 1914-1918 யுத்தத்தில் ஆகாய விமான எஞ்சின்கள் பலவற்றுக்கும் ஆமணக்கெண்ணெயே மசகாக இருந்தது.

அதைக் கேட்டு எவரும் சங்க எஞ்சினில் ஆமணக்கெண்ணெய் ஊற்றிவிடக் கூடாது. அது சூட்டில் பிசினாக மாறும். ரிங்கைக் காடியில் ஒட்டவைத்துவிடும். ஒட்டிய ரிங் விரியாது. விரியாத ரிங் வாயுவை அடைக்காது. இக்காலத்து எஞ்சின் எண்ணெயில் வேறு ஏற்பாடு இருக்கிறது. துத்தநாகமும் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த ஒரு மருந்தை 1940-களிலிருந்து கலந்துவருகிறார்கள். உராயும் இடத்தின் சூட்டிலேயே அது சிதைந்து, உலோகத்தின் மேல் காப்புத் தோலாகப் படிகிறது. கரியைக் கட்டியாக விடாமல் மிதக்க வைக்கும் மற்றொரு மருந்தும் சேர்ந்திருக்கும். இதனால்தான் டீசல் எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துப்போகிறது. கறுத்ததை மாத்திரம் பார்த்து எண்ணெய் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறு. கரியைச் சுமப்பது அதன் வேலை. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்கும்பொழுது நறநறவென்றிருந்தாலும், தண்ணீர்போல் நீர்த்து டீசல் வாடை அடித்தாலும், பால்போல் வெளுத்திருந்தாலும் கெட்டது என்று அறியலாம். மருந்துகளும் நாளடைவில் செலவழிந்துவிடும். ஆகையால்தான் மணிக் கணக்கு வைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 250 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. எஞ்சினோடு வந்த கைப்புத்தகம் வேறு சொன்னால் அதுவே பிரமாணம். லாரிப் பட்டறையில் வடித்த பழைய எண்ணெயை வடிகட்டி மலிவாக விற்பார்கள். வடிகட்டினால் குப்பை போகும். செலவான மருந்து திரும்பி வராது.

எண்ணெயைவிடப் பெரிய சத்துரு புழுதி. இதை எத்தனை தடவை சொன்னாலும் மிகையாகாது. மேலே சொன்ன எண்ணெய்ப் படலத்தின் கனம் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடங்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மண்துகள் படலத்தைவிடப் பெரிதாயிருந்தால், அது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் உப்புத்தாளாக வேலை செய்கிறது. பெரிய மணல் அவ்வளவு உள்ளே நுழைவதில்லை. மாவுபோன்ற புழுதியே படலத்தின் இடைவெளிக்குப் பொருந்திப் புகுந்து அறுக்கிறது. எஞ்சினோ ஓயாது காற்றை இழுக்கும் பிராணி. மேற்சொன்ன சிறு எஞ்சின்கூட மணிக்கு 19,500 தடவை சிலிண்டர் நிறையக் காற்றை உள்ளிழுக்கிறது. களத்து மேட்டில், தூற்றும் பதரின் நடுவே, ஏர் கிளீனரின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால், ஒரு பகலிலேயே பல மாதத்துத் தேய்மானம் வந்துவிடக்கூடும். ‘மூடி இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது’ என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. முட்டுவது மெய்யானால் காரணம் மூடியன்று, அதற்குள் அடைந்த அழுக்கு. எண்ணெய்த் தொட்டியுள்ள ஏர் கிளீனரானால், தொட்டியில் குறித்த கோடுவரை எண்ணெய் இருக்கிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். கிளீனருக்கும் சிலிண்டருக்கும் நடுவேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், கிளீனர் சுத்தமாக இருந்தும் பிரயோஜனமில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதற்கு அது சமானம்.

மூன்றாவதாக, பலரும் நன்மையென்று நினைத்துச் செய்கிற ஒரு தீமை உண்டு. நீரிறைக்கும் எஞ்சினுக்குக் குளிர்ச்சி கொடுப்பதற்காக, பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சிறு குழாய் பிரித்து எஞ்சினைச் சுற்றி விடுவது வழக்கம். எஞ்சின் சில்லென்று இருந்தால் ஆயுசு நீளும் என்று கருதி, குழாயை முழுதும் திறந்துவிடுகிறார்கள். 1930-களில் இங்கிலாந்தில் மோட்டார் இன்ஜினீயர்கள் சங்கத்துக்காக வில்லியம்ஸ் என்பவர் சிலிண்டர் தேய்மானத்தை நெடுநாள் சோதித்தார். சுவர் மிகவும் குளிர்ந்திருக்கும்பொழுது தேய்மானம் குறைவதற்குப் பதிலாக வெகுவாக ஏறுவதைக் கண்டார். எரிந்த வாயுவில் நீராவி உண்டு. சுவர் குளிர்ந்தால் அது பனித்துளியாகப் படிகிறது. வாயுவில் உள்ள அமிலச் சத்துக்கள் அதில் கரைந்து இரும்பை அரிக்கின்றன. டீசலில் கந்தகம் மிகுந்திருந்த காலத்தில் இந்த அமிலத்தின் கொடுமை அதிகம். 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி வந்தபின் அது பெரிதும் தணிந்திருக்கிறது. ஆயினும் தண்ணீர் படிவதும், எரியாத டீசல் சுவரில் ஒழுகி எண்ணெயைக் கழுவிக்கொண்டு போவதும் குளிர்ந்த எஞ்சினில் இன்றும் உண்டு. எஞ்சினிலிருந்து வெளிவரும் தண்ணீர், கையை வைத்தால் நெடுநேரம் பொறுக்க முடியாத சூட்டோடு வர வேண்டும். கிணற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்து வந்தால் குழாயை ஒடுக்கலாம். ஆவி பறந்தால் திறக்கலாம்.

டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் மிச்சம் என்று தோன்றும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. எரியாமல் தங்கிய பங்கு சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழேயுள்ள எண்ணெயையும் நீர்த்துவிடும். டீசல் பம்பும் அதனால் தேயும்.

தேய்மானம் முற்றிய எஞ்சினை அறிவது எளிது. டீசலை அடைத்துவிட்டுக் கைப்பிடியால் சுற்றும்பொழுது, நல்ல எஞ்சின் ஒவ்வோர் அமுக்கத்திலும் எதிர்த்து நின்று கையைத் திருப்பித் தள்ளும். தேய்ந்த எஞ்சின் பழகிய செக்குப்போல் இணங்கிச் சுற்றும். கிராங்க் கேஸின் மூச்சுக் குழாயில் புகை குப்குப்பென்று வரும்; வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பது அதன் பொருள். புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. பாரம் மிகுதியாகவோ, டீசலைத் தெளிக்கும் முனை கெட்டோ, காற்று அடைபட்டோ இருக்கலாம். கரும்புகை கண்டவுடன் ரிங் மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

புது ரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. லைனர் தேய்ந்து அகன்றால் ரிங்கும் கூடவே விரிகிறது. அதன் வெட்டுவாய் திறக்கிறது. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 22/7 மடங்கு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததே. ஆகவே விட்டம் ஒரு பங்கு அகன்றால் வெட்டுவாய் மூன்று பங்குக்கு மேல் திறக்கும். லைனர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகன்றிருந்தால், வாய் அதே அளவில் மூன்று பங்குக்கு மேல் அகன்றுவிடும். நாலரை அங்குலச் சிலிண்டருக்குப் புதிதாக விடும் வாய் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டாமல் தனியாக லைனருக்குள் சமமாகச் செலுத்தி, அடிப்பாகத்தில் ஒரு தடவையும் மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு தடவையும் பீலர் கேஜால் வாயை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் லைனர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது சுமாராக வந்துவிடும். கைப்புத்தகம் அனுமதிக்கும் அளவைக் கடந்திருந்தால் ரிங் மாற்றுவது பணத்தைப் புகையாக விடுவதே. லைனரையும் மாற்றியாக வேண்டும். படி விழுந்த லைனரில் புது ரிங்கைப் போட்டால், கூர்மையான அதன் விளிம்பு படியில் மோதி முறிவதும் உண்டு. பட்டறையில் இந்த அளவை எடுக்கும் சமயத்தில் பஞ்சாயத்தாரில் ஒருவராவது கூடவே நின்று பார்ப்பது உசிதம்.

புது ரிங்கும் லைனரும் போட்ட எஞ்சினை முதல் சில மணி நேரம் இலேசான பாரத்திலும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டியும் ஓட்ட வேண்டும். ஆனால் பாரமே இல்லாமல் நாட்கணக்காக வெறுமனே ஓடவிடுவதும் தவறு. போதிய அமுக்கம் இல்லாததால் ரிங் சுவரில் படிந்து அமையாது. எண்ணெய் வெந்து மெருகுபோல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நாள் ஓட்டினாலும் எண்ணெய் குடிப்பது நிற்காது. அந்த முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுவதும் அவசியம். தேய்ந்து பொருந்திய உலோகத்தூள் அதில் இருக்கும்.

இவ்வளவும் சொந்த எஞ்சின் வைத்திருக்கும் மிராசுதாரர்களுக்கும் பொருந்தும். சங்கத்து எஞ்சினுக்கு மேற்கொண்டு ஒரு சங்கடம் உண்டு. சம்பாப் பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் வாய்க்காலில் தண்ணீர் வற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்கத்தினர் முறைவைத்துச் சங்க எஞ்சினை வாடகைக்கு எடுக்கிறார்கள். முதல்வர் முந்திய மாதமே அதைக் களத்துமேட்டில் மூடியில்லாமல் ஓட்டியிருக்கிறார். இரண்டாமவர் தண்ணீர்க் குழாயை முழுதும் திறந்துவிடுகிறார். மூன்றாமவர் எண்ணெய் குறைந்ததைக் கண்டு, கடையில் மலிவாகக் கிடைத்ததை ஊற்றிச் சமாளிக்கிறார். நான்காமவர் வயலில் எஞ்சின் நின்றுவிடுகிறது. அவர் குத்தகைக்குப் பயிரிடுபவர். பயிர்க்கடனும் சங்கத்திலேயே வாங்கியிருப்பவர். கதிர் வாங்கும் வாரத்தில் தண்ணீர் தவறினால் நெல் பதராகும். கடன் தவணை தவறும். அதற்கு மேல், எஞ்சினைக் கெடுத்தவர் என்ற பழியும் அவர் மேலேயே விழுகிறது. பஞ்சாயத்தார் கூடிப் பழுதுச் செலவை அவரிடம் வசூலிக்கத் தீர்மானம் செய்தாலும் ஆச்சரியமில்லை. ஐந்தாமவரும் ஆறாமவரும் காத்துக்கொண்டே நிற்கிறார்கள். உண்மையில் நான்காமவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. மண்வெட்டி முறிந்தால் முறித்தவர் கையில் முறியும். லைனரின் தேய்மானமோ ஒருவர் கையில் உண்டாகி மற்றொருவர் கையில் வெளிப்படுவது. பல சங்கங்களில் எஞ்சின் வாங்கிய உற்சாகம் இரண்டு வருஷத்தில் மனஸ்தாபமாக முடிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆகையால் எஞ்சினைச் சங்கத்தின் சொந்த டிரைவரோடு அனுப்புவதே மேல். வாடகையை ஏக்கர் கணக்கிலோ நாள் கணக்கிலோ வாங்காமல் மணிக் கணக்கில் வாங்குவது நலம்; ரிங் தேய்வது மணிக் கணக்கில்தான். எண்ணெயை வாடகைக்கு எடுப்பவரே வாங்கி ஊற்ற வேண்டும் என்று சில சங்கங்கள் நிபந்தனை வைப்பதுண்டு. அது சிக்கனமாகத் தோன்றினாலும் புத்திசாலித்தனமன்று. எஞ்சின் நாளைக்குத் தம் கையில் இருக்காது என்று தெரிந்தவர் விலை உயர்ந்த எண்ணெயை வாங்கமாட்டார். அதில் அவரைக் குறை கூறவும் இயலாது. எண்ணெயைச் சங்கமே வாங்கி வைத்து, அதன் கிரயத்தை வாடகையில் சேர்த்துவிட வேண்டும். வாடகையில் தேய்மானத்துக்காக வரும் பகுதியைப் பொது லாபத்தோடு கலந்து டிவிடெண்டாகப் பங்கிட்டுவிடாமல், தனி நிதியாக மத்திய பாங்கியில் போட்டு வைத்தால், லைனர் மாற்றும் நாளில் அங்கத்தினரிடம் கையேந்த வேண்டியதில்லை. ஒரு செட் ரிங், தலைக்குரிய கேஸ்கட்டு, ஏர் கிளீனரின் ரப்பர்க் குழாய் இம்மூன்றையும் அறுவடைக்கு முன்பே வாங்கிச் சங்க அலமாரியில் வைத்திருப்பதும் வீண் செலவாகாது. கதிர் வாங்கும் வாரத்தில் அவற்றைத் தேடி நகரத்துக்கு ஆள் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எஞ்சினுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். அதைக் காரியதரிசியின் மேஜையில் அல்லாமல் எஞ்சினோடேயே, நனையாத பெட்டியில் வைக்க வேண்டும். எஞ்சின் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்பொழுது இருவரும் சேர்ந்து எண்ணெய் அளவுக்கோலை உருவிப் பார்த்து, ஏர் கிளீனரின் தொட்டியைத் திறந்து பார்த்து, டீசலை அடைத்துவிட்டுக் கைப்பிடியால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஓடிய மணியையும் ஊற்றிய எண்ணெயின் அளவையும் அதில் எழுதலாம். கடைசிக் கட்டத்தில் ஒப்படைத்தவர் கையெழுத்துக்கு முன்னே, வாங்கிக்கொள்பவர் கையெழுத்து இடவேண்டும்.